சிறு கலாசாலைகளின் பந்தயக்களமும் அரசாங்கப் பொருளும்

நாம் கலாசாலைச் சம்பளம் செலுத்திப் பெறும் சீட்டில் விளையாட்டிற்கென ஒரு வரி காணப்படுகின்றது. அதனைக் கூர்ந்து படிப்பார் நம்முள் மிகச் சிலரே. பந்தயக்களத்தில் ஒருநாளும் காலெடுத்து வையாத யானும் அவ்வரிக்குரிய பொருளைச் செலுத்தியே வருகின்றேன். இச்சுமை யாருக்கு உரியது என்னும் ஐயம் எழுந்து சில நூல்களைப் புரட்டியபோது, அமெரிக்க ஐக்கிய நாட்டினர் இவ்வினாவிற்கு மாகாணந்தோறும் வெவ்வேறு விடை கண்டிருத்தலை அறிந்தேன். அவற்றுள் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரண்டினை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

அமெரிக்கக் கலாசாலைப் பந்தயம் என்ற அளவில், லக்ஷம் பேர் அமரும் அரங்குகளும், தொலைக்காட்சி நிலையத்தார் சொரியும் செல்வமும் நேயர்கள் நினைவிற்கு வருதல் இயல்பு. அவை ஒருசில பெரிய சர்வகலாசாலைகளுக்கே உரியன. சிற்றூர்களில் அமைந்த அரசாங்கக் கலாசாலைகளிலோ, நுழைவுச்சீட்டு விற்று வரும் காசு செலவின் ஒரு சிறு பகுதிக்கே காணும். பயிற்சியாசிரியர் ஊதியம், வீரர்க்குரிய உபகாரச் சம்பளம், வெளியூர்ப் பயணம் முதலியவற்றிற்குப் பிறர் கையையே எதிர்பார்த்தல் வேண்டும். செலவைக் குறைத்தலும் எளிதன்று. 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஆடவர்க்கும் மகளிர்க்கும் வாய்ப்பு நேர்மையாக வழங்கப்படல் வேண்டுமாதலின், ஆடவர் கால்பந்தாட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட இயலாது.

நியூ மெக்ஸிகோ மாகாணம் பரப்பில் 3 லக்ஷம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. குடிகளோ ஏறத்தாழ 21 லக்ஷம் பேரே. ஆதலின் ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தூரம். போர்ட்டேல்ஸ் என்னும் ஊரில் 1934-ஆம் வருஷம் திறக்கப்பெற்ற கிழக்கு நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையின் வீரர், தம் குழுவிலுள்ள பிற கலாசாலைகளோடு பொருதற்கு டெக்ஸாஸ் மாகாணத்திற்குள் நெடுவழி செல்லல் வேண்டும். சில்வர் சிட்டியில் ஒரு சர்வகலாசாலையும், லாஸ் வேகாஸில் ஹைலண்ட்ஸ் சர்வகலாசாலையும் உள. (சூதாட்டத்திற்குப் பேர்போன லாஸ் வேகாஸ் வேறு, இஃது அதனினும் மூத்த ஊர்.)

அம்மாகாணத்துச் சட்டசபை ஸாந்தா ஃபே நகரில் வட்டவடிவான ஒரு மாளிகையில் ஜனவரித் திங்களில் கூடுகின்றது. ஒற்றைப்படை ஆண்டில் 60 நாளும், இரட்டைப்படை ஆண்டில் 30 நாளும் அதன் கூட்டம் நடைபெறும். அங்கு நிறைவேறும் வரவுசெலவுச் சட்டத்தில் இக்கலாசாலைகளின் பெயர்களின்கீழ்ப் பந்தய விளையாட்டிற்கெனத் தனி வரியே எழுதப்படுகின்றது. மாணாக்கர் கட்டணமும் கலாசாலைப் பொதுநிதியும் ஓரளவு துணைசெய்யினும், அரசாங்கம் தருவது இவ்வளவென்பதை யாரும் படித்துணரலாம். வேண்டாதார் எழுந்து வினவலாம்.

இங்ஙனம் பேணப்படும் சிறு களங்களால் விளைவது யாதென வினவுவார் உளர். ஹைலண்ட்ஸில் பயின்ற லயனல் டெய்லர் என்பார் பின்னர் டென்வர் அணியிற் சேர்ந்து, 1961-ஆம் வருஷத்துப் பருவத்தில் 100 முறை பந்தை ஏந்தினார். தொழில்முறை ஆட்டத்தில் அதற்கு முன் ஒருவரும் அவ்வெண்ணை எட்டியதில்லை. ஆயினும், ஒரு டெய்லரைக் காட்டிப் பல்லாண்டுச் செலவை நியாயப்படுத்துதல் வழக்கறிஞர் வாதமேயன்றி ஆராய்ச்சியாகாது. யான் பெரிதெனக் கருதுவது வேறு. இக்கலாசாலைகளின் வீரருட் பலர் பெறும் உபகாரச் சம்பளம் முழுமையானதன்று. எஞ்சியதைத் தாமோ பெற்றோரோ ஈடுசெய்து பயில்கின்றனர். ஆட்டத்தை நீக்கின் அவருட் சிலர் அவ்வூர்க்கே வாரார். கலாசாலை அவர் தரும் சம்பளத்தை இழப்பதோடு, அவ்வூர் தன் மாலைப்பொழுதையும் இழக்கும்.

இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. நியூ மெக்ஸிகோவின் வருவாய் எண்ணெய்க் கிணறுகளைப் பெரிதும் சார்ந்தது. விலை வீழ்ந்து வரி குறித்த பூசல் முற்றிய 2017-ஆம் வருஷம், அப்பொழுது கவர்னராயிருந்த ஸுஸானா மார்ட்டினஸ், உயர்கல்விக்கெனச் சட்டசபை ஒதுக்கிய பொருள் முழுவதையும் ஏப்ரல் திங்களில் அடித்துவிட்டார். விசேஷக் கூட்டம் கூட்டி மே திங்களிலேதான் அது மீட்கப்பட்டது. கல்வி முழுமைக்கும் அந்நிலை நேர்ந்ததாயின், பந்தாட்டத்திற்குரிய ஒரு வரியின் உறுதியை நேயர்களே அளந்துகொள்ளலாம்.

வர்ஜீனியா மாகாணம் கொண்ட கொள்கை இதற்கு நேர்மாறு. அங்குக் கலாசாலைகளுக்கிடையே நிகழும் பந்தயங்களுக்குப் பொது வரிப்பணத்தைச் செலவிடுதல் கூடாது. கேட்டற்கு இனிய கொள்கைதான்! செலவு நின்றுவிட்டதோ எனின், இல்லை. அது மாணாக்கர் சீட்டிற்கு இடம்பெயர்ந்தது. ஃபார்ம்வில் என்னும் சிற்றூரிலுள்ள லாங்வுட் சர்வகலாசாலையில் ஒவ்வொரு மாணாக்கரும் ஆண்டொன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இதன்பொருட்டுச் செலுத்தும் நிலை உண்டாயிற்று. 2022-ஆம் வருஷம் அக்கலாசாலையின் ஆடவர், மகளிர் கூடைப்பந்து அணிகள் இரண்டும் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குச் சென்றன. ஊரார் பெற்ற களிப்பை யான் குறைத்துக் கூறேன். எனினும், இரவில் உணவுவிடுதியில் தட்டுக் கழுவிப் பயிலும் மாணாக்கியும், செல்வர் மகனும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். வரியாயின் வருவாய்க்கேற்ப ஏறியிறங்கும். கட்டணம் அங்ஙனம் இரங்குவதில்லை. அவளோ அத்தொகையைக் கடனாகப் பெற்று, பட்டம் பெற்ற பின்னும் வட்டி கட்டுதல் நேரும்.

இச்சுமையைக் கண்டே 2015-ஆம் வருஷம் அம்மாகாணம் ஒரு சட்டம் இயற்றிற்று. பந்தய வருவாயில் மாணாக்கர் கட்டணமும் கலாசாலை நிதியும் எத்துணைப் பங்கு இருக்கலாம் என்பதற்கு அது வரம்பு கட்டிற்று. மிகப் பெரிய குழுக்களைச் சேர்ந்தவற்றிற்கு 20 விழுக்காடு. கால்பந்தில் அவற்றிற்கு அடுத்த நிலையினவற்றிற்கு 55. கால்பந்தில் அதற்கும் அடுத்த நிலையினவற்றிற்கு 70. கலாசாலை சிறுக்கச் சிறுக்க வரம்பு உயர்தலை நோக்குக. சிறு களம் தன் காலில் நில்லாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாயிற்று. ஒப்புக்கொண்டும், தாங்குவாரை மாற்றவில்லை.

2022-ஆம் வருஷம் நியூ மெக்ஸிகோ மற்றொன்று செய்தது. அம்மாகாணத்து வாசிகளாய் அரசாங்கக் கலாசாலைகளில் முதற்பட்டத்திற்குப் பயில்வோர்க்குச் சம்பளத்தோடு கட்டாயக் கட்டணங்களையும் அரசாங்கமே தர முற்பட்டது. ஆகவே, அவ்வுதவி பெறுவோர் சீட்டில் விளையாட்டு வரி இருப்பினும், அதனைச் செலுத்தும் கை அரசாங்கத்தின் கையே. ஃபார்ம்வில் மாணாக்கியின் சீட்டிலோ, அது அவள் பெயரிலேயே நிற்கின்றது.