குளத்து மீனின் உணவும் கொழுப்பும்

வீட்டுக் குளத்தில் மீன் வளர்க்கும் கமக்காரர் பலர், ஆலையிற் கிடைக்கும் நெற்றவிட்டை மட்டுமே அதற்கு உணவாக இடுகின்றனர். இதனால் மீன் பருத்துத் தோன்றினும், முழுப் பயன் கிட்டுவதில்லை.

1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஏனைய வளர்ப்பு மீன்களும் புரதத்தைக் கொண்டே தசையை வளர்க்கின்றன. தவிட்டிலோ மாப்பொருளும் எண்ணெயும் மிகுதி, புரதம் குறைவு. ஆகவே தேவைக்கு மிஞ்சிய சத்து கொழுப்பாக மாறி, ஈரலிலும் குடலைச் சூழ்ந்தும் படிகின்றது. மீனைத் துப்புரவு செய்கையில் இக்கொழுப்பின் பெரும்பகுதி கழிவாகின்றது. அதற்கிட்ட தீனும் வீணாகின்றது.

ஐயமிருப்பின், ஒரு மீனை அறுத்துப் பார்க்கவும். ஈரல் செந்நிறமாயிருப்பின் நன்று. வெளிறி மஞ்சளித்திருப்பின் தீனை மாற்றல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. தவிட்டுடன் தேங்காய்ப் பிண்ணாக்கும் சிறிதளவு மீன்தூளும் கலந்து, நீர்விட்டுப் பிசைந்து உருண்டையாக இடுக.

2. நாளொன்றுக்கு மீன்களின் மொத்த நிறையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு போதும். 10 கிலோகிராம் மீனுக்கு 200 முதல் 300 கிராம் தீன் தேவை. வெயில் ஏறிய பின் பாதியும், மாலையில் பாதியும் இடுக.

3. தீனைத் தட்டிலிட்டு நீரில் இறக்குக. அரைமணி நேரத்தின் பின் எஞ்சியிருப்பின், மறுநாள் அளவைக் குறைக்கவும். எஞ்சிய தீன் அழுகி நீரைக் கெடுக்கும்.

4. காறல் மணமுள்ள பழைய தவிட்டை இடலாகாது. கெட்ட எண்ணெய் விற்றமின் ஈயை அழித்து, ஈரலுக்கு ஊறு விளைக்கும். தவிட்டை வேண்டிய அளவே வாங்கி, ஈரம்படாது வைக்கவும்.

அளவறிந்து ஊட்டுவோர்க்குத் தீன் செலவும் குறையும். மீனும் தசைப்பற்றுடன் வளரும்.