சரிவும் சுருள்வில்லும்

லாரியில் பலகையைச் சாய்த்து, ரப்பர் ஷீட் கட்டுகளைச் சறுக்கி இறக்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். லாரியின் தளம் 1 மீட்டர் உயரம், கட்டின் எடை 50 கிலோகிராம் எனில், மேலே இருக்கும்போதே அதனிடம் சுமார் 490 ஜூல் ஆற்றல் உண்டு. சறுக்கும்போது பலகையின் உராய்வு 300 ஜூலை வெப்பமாக்குகிறது என்று கொள்வோம். எஞ்சிய 190 ஜூல், கட்டின் வேகமாக வெளிப்படும். பலகை நனைந்து வழுக்கினால் உராய்வு குறையும், வேகம் கூடும். மழைநாளில் பலகைக்கு நேர் எதிரே நிற்கலாகாது.

கீழே ஒரு சுருள்வில் தடுத்தால் என்னவாகும்? அது அமுங்கி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஆனால் வைத்துக்கொள்ளாது, கட்டை மேல்நோக்கித் திருப்பித் தள்ளும். ஏறும்போதும் உராய்வு தன் பங்கை எடுப்பதால், கட்டு புறப்பட்ட உயரத்தை எட்டாமலே மீண்டும் சறுக்கி இறங்கும்.

சிங்கப்பூரில் 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில், தண்டவாளம் முடியும் இடத்தில் திரவத்தால் இயங்கும் தடுப்பான்களை அமைத்தனர். வெறும் வில்லாயின் ரயிலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். உருளைக்குள் அடைபட்ட திரவமோ, இடுக்கு வழியே பிதுங்கும்போது ரயிலின் வேகத்தை வெப்பமாக்கிவிடும். பலகையில் உராய்வு செய்த அதே வேலைதான் இது!

அந்நிலையத்தின் மண்டபச் சுவர்களில் ரப்பர் பால் வெட்டும் காட்சியும் சித்திரமாக இடம்பெற்றிருந்தது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2011 ஜூன் 30ஆம் நாளுடன் அங்கு ரயில் போக்குவரத்து நின்றது.