உணர்வில்லாத காலில் வலி வருமா?

"தொட்டால்கூடத் தெரியாத காலில் எப்படி எரிவு வரும்?" முள்ளந்தண்டு வடத்தில் அடிபட்டவர்கள் வீட்டாரிடமிருந்தே அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இலங்கையில் புளியந்தீவைச் சுற்றிய ஊர்களில் 2009இல் முடிந்த போரின் காயத்தோடு வாழ்பவர்களும், தென்னையால் விழுந்தவர்களும், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் மனதில் உள்ள கணக்கு எளிது: வலி காலில் பிறந்து மூளைக்குப் போகிறது, வழி அறுந்தால் வலியும் நின்றுவிட வேண்டும். கணக்குத்தான் பிழை. வடம் சேதப்பட்டதும் கீழிருந்து வரும் செய்திகள் நின்றுபோகின்றன. ஆனால் சேதத்துக்கு அருகிலும் மேலும் உள்ள நரம்புக் கலங்கள் அடங்கிவிடுவதில்லை, தூண்டுதல் இல்லாமலே துடிக்கின்றன. அந்தத் துடிப்பைத்தான் மூளை காலின் எரிவாகவும் கரண்ட் அடிப்பதாகவும் ஊசி குத்துவதாகவும் எடுத்துக்கொள்கிறது. வடம் முற்றாக அறுபட்ட பின்பும் கடும் வலியோடு இருந்தவர்களைப் பற்றி ரொனால்ட் மெல்சாக்கும் ஜோன் லோசரும் 1978இலேயே எழுதிவிட்டார்கள். இந்த நரம்பு வலி அடிபட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வருகிறது. ஸ்கானில் வலி தெரியாது என்பதால் அதை மனப்பிரமை என்று தள்ளுவது அநியாயம். வலி வந்தால் நரம்பு திரும்ப வளர்கிறது என்று ஆறுதல் சொல்வதும் சரியல்ல. எரிவை வைத்து நரம்பு மீள்வதைக் கணிக்க முடியாது, அந்த நம்பிக்கையில் வைத்தியம் தள்ளிப்போவதுதான் நடக்கும்.

வலி காலில் இருக்கிறது என்று நினைப்பதால் வைத்தியமும் காலுக்கே போகிறது. இதில் மிக ஆபத்தானது சூட்டு ஒத்தணம். நொச்சி இலையோ, சுடுதண்ணிப் போத்தலோ எதுவானாலும், உணர்வில்லாத தோலில் சூடு எவ்வளவு என்று அடிபட்டவருக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் கண்ட பிறகுதான் பார்ப்பவருக்குத் தெரியும், அந்தப் புண் ஆறவும் நாளெடுக்கும். பரசிட்டமோலும் டைக்ளோஃபெனக்கும் தோள்பட்டை நோவு போன்ற தசைநோவுகளுக்கு உதவலாம். நரம்பு வலிக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை, டைக்ளோஃபெனக்கை நெடுநாள் எடுத்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இந்த வலிக்கு வைத்தியர்கள் முதலில் எழுதுவது கபபென்ரின், பிரிகபலின், அல்லது அமிற்றிப்ரிலின். "அது தூக்கக் குளிசை, பழக்கமாகிவிடும்" என்ற பயம் முற்றிலும் பொய்யல்ல. தூக்கமும் தலைச்சுற்றும் வரும், தவறாகப் பாவிப்பவர்களும் உண்டு, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும். அதனால்தான் சிறிய அளவில் தொடங்கிக் கிழமைக் கணக்கில் கூட்டுகிறார்கள், சிறுநீரகம் பழுதானவருக்குக் கபபென்ரினையும் பிரிகபலினையும் குறைத்துக் கொடுக்கிறார்கள். மூன்று நாளில் கேட்கவில்லை என்று நிறுத்துவதும், கேட்டுவிட்டது என்று சட்டென்று விடுவதும் இரண்டுமே பிழை. வலி அடியோடு போவது அரிது. மூன்றில் ஒரு பங்கு குறைந்து இராத்திரி நித்திரை வந்தால் அதுவே மருந்து வேலைசெய்ததற்கு அடையாளம்.

இருந்த வலி ஒருநாள் திடீரென்று கூடினால், குளிசையைக் கூட்டுமுன் வேறு காரணம் தேட வேண்டும். சலத்தொற்று, மலச்சிக்கல், இடுப்பில் தொடங்கும் படுக்கைப்புண் எல்லாம் நரம்பு வலியை எழுப்பிவிடும். பல வருடங்களுக்குப் பிறகு வலி மேல்நோக்கி ஏறினாலோ கை பலவீனமானாலோ வடத்துக்குள் நீர்க்கட்டி வளர்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் தலை பிளக்கும் வலியும் முகத்தில் வியர்வையும் சேர்ந்து வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சலக்குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்த்து, அப்படியும் தணியாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.