குமுதவல்லி நாச்சியார் விதித்த நிபந்தனை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கார்த்திகையில் கார்த்திகைத் திருநக்ஷத்ரம் வரும்போதெல்லாம் திருமங்கையாழ்வாரின் வைபவத்தைப் பெரியோர் சொல்ல நாம் கேட்டு வருகிறோம். இவ்வளவு ஆண்டுகளும் அதனை ஆடல்மா என்னும் குதிரையின் மேலிருந்தே கேட்டிருக்கிறோம் என்பது சென்ற ஆண்டுதான் நமக்கு உறைத்தது. உபந்யாஸம் முடிந்து வீடு திரும்பும் வழியில் எம் தர்மபத்நி கேட்டாள்: “ஆழ்வார் வழிப்பறி பண்ணினது ஆத்துல இருந்தவளுக்குத் தெரியுமோ? தெரிஞ்சுதான் பரிமாறினாளோ?”

நாம் உடனே விடை சொல்லவில்லை. வணிகவியல் படித்து, வங்கியில் கணக்குப் பார்த்தே காலம் கழித்த நமக்கு சாஸ்த்ர ஞானம் குறைவு. ஆயினும் அக்கேள்வியை வைத்துக்கொண்டு பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தை மறுபடி எடுத்தோம். அங்குள்ள சரித்திரத்தை, ஒன்றும் மாற்றாமல், குமுதவல்லி நாச்சியார் நின்ற இடத்திலிருந்து பார்க்க முயன்றதே இக்கட்டுரை. பிழையிருப்பின் பாகவதர்கள் க்ஷமிக்கவேணும்.

நாச்சியாரின் சரித்திரம் ஒரு சிரிப்பில் தொடங்குகிறது. அப்ஸரஸ்ஸாக இருந்த பிறவியில், கபில மஹரிஷியின் ஆச்ரமத்தில் உடற்குறையுள்ள ஒரு சிஷ்யரைக் கண்டு அவள் நகைத்தாள். மஹரிஷி சபித்தார், மண்ணில் பிறந்து ஒரு முரடனுக்கு மனைவியாவாய் என்றார். அவள் காலில் விழுந்து வேண்ட, அவனைத் திருத்தி பாகவத கைங்கர்யத்தில் மூட்டி நீயும் உய்வாய் என்று முடிவும் சொன்னார். திருவெள்ளக்குளத்தில் குமுத மலர்கள் பூத்த பொய்கைக் கரையில் குழந்தையாய் நின்றாள். அனுஷ்டானத்திற்கு வந்த, பிள்ளைப்பேறு இல்லாத ஒரு வைஷ்ணவ வைத்யர் அவளை எடுத்துச் சென்று மனைவியிடம் கொடுத்தார். மலரின் பெயரே அவளுக்குப் பெயராயிற்று.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். அவள் செய்த குற்றம் பாகவத அபசாரம். அது தேவர் உலகில் நிகழ்ந்தாலும், ஓர் அடியவரின் உடலை மட்டும் பார்த்து அவரை எடைபோட்டது அது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவள் வாயிலிருந்து வரும் நிபந்தனையின் கனம் தெரியும்.

வைத்யரின் மகளைப் பற்றிக் கேள்விப்பட்டு நீலன் வருகிறார். சோழனுக்குப் படைத்தலைவராய் இருந்து, ஆலிநாட்டை ஆளப் பெற்றவர். பகைவர்க்குக் காலன் என்பதால் பரகாலன் என்று பெயர் பெற்றவர். வாசலில் குதிரையும் படைவீரர்களும் நிற்கிறார்கள். பொன்னும் பட்டும் இறங்குகின்றன. உள்ளே இருப்பவளோ எந்தக் குலம், எந்த ஊர் என்று எவரும் சொல்ல முடியாத வளர்ப்புப் பெண். மறுத்தால் தந்தைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் எந்தப் பெண்ணுக்கும் வரும். அத்தகைய இடத்தில் அவள் சொன்ன சொல்: பஞ்சஸம்ஸ்காரம் பெற்று திருவிலச்சினையும் திருநாமமும் தரித்த ஒருவருக்கன்றி நான் வாழ்க்கைப்படேன்.

நாட்டுக்குத் தலைவனிடம் ஒரு பெண் இவ்வாறு சொன்னதையே பெரிதாக எடுத்துப் பேசலாம். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, பரகாலன் வாளை எடுக்காமல் திருநறையூருக்கு ஓடியது. அங்கே நம்பி தாமே சங்கசக்ர லாஞ்சனை இட்டருளினார் என்பது ஐதிஹ்யம். பன்னிரு திருமண்காப்போடு திரும்பி வந்தவரைக் கண்டு அவள் மகிழ்ந்திருப்பாள். ஆனால் அத்தோடு விடவில்லை. ஓராண்டு காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களை அமுது செய்வித்து, அவர்களுடைய ஸ்ரீபாததீர்த்தத்தையும் ப்ரஸாதத்தையும் ஸ்வீகரித்தால்தான் உம்மைக் கணவராக ஏற்பேன் என்றாள். அவர் இசைந்தார், திருமணமும் நடந்தது.

பழைய தொழில் பழக்கத்தால் நாம் இந்த நிபந்தனையைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். நாளுக்கு 1008 பேர் என்றால் 365 நாளுக்கு 3,67,920 இலைகள். ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று மிகவும் குறைத்து வைத்தாலும் நாளொன்றுக்கு 200 கிலோவுக்கு மேல். ஆண்டுக்கு 73 டன்னுக்கு மேல். பருப்பு, நெய், காய், விறகு, இலை, தண்ணீர் எல்லாம் தனி. வரவு நிலையாக இல்லாத ஒருவருக்கு இவ்வளவு பெரிய செலவை எந்த வங்கியும் அனுமதிக்காது. சொன்னவள் இதை அறியாதவள் அல்லள். வைத்யர் வீட்டில் வளர்ந்தவளுக்கு அளவும் நிறையும் தெரியும். 1008 பேர் உண்ணும் கூடத்தில், கால் ஊனமானவரும் கண் இல்லாதவரும் முதுகு வளைந்தவரும் தினந்தோறும் வருவார்கள். அவர்கள் ஒவ்வொருவர் முன்னும் குனிந்து பரிமாறவேண்டும். முன்பு ஒருவரைக் கண்டு சிரித்தவள், 1008 பேர் திருவடி விளக்கிய நீரைத் தன் கணவரைத் தலையில் தரிக்கச் சொல்கிறாள். கடனைத் தானும் சேர்ந்து அடைக்கிறாள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பரகாலனின் பொருள் கரைந்தது. பிறகு சோழனுக்குக் கட்டவேண்டிய கப்பமும் கரைந்தது. வந்த சேவகர்களைத் தட்டிக் கழித்தார்; வந்த சேனையை வென்றார்; அரசனே நேரில் வந்து அவர் வீரத்தை மெச்சினாலும், கணக்கு கணக்குதான் என்று காவலில் வைத்தான். மூன்று நாள் அவர் ஒன்றும் உண்ணாமல் கிடந்தார் என்று நூல் சொல்லும். அந்த மூன்று நாளும் வீட்டில் அடுப்பின் முன் இருந்தவளுக்கு எப்படிக் கழிந்திருக்கும்? பந்திக்கு வந்தவர்களிடம் இன்று இல்லை என்று சொல்லியிருப்பாளா, தாலியைத் தவிர மற்றதைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கியிருப்பாளா? இந்த இடத்தில் குருபரம்பரை காஞ்சிக்குப் போய்விடுகிறது. பேரருளாளன் கனவில் வந்து வேகவதிக் கரையில் புதையல் காட்டியதும், கப்பம் தீர்ந்ததும், அரசன் மனம் மாறியதும் யாவரும் அறிந்தவை. ததீயாராதனம் மறுபடி தொடங்கியது. புதையலும் தீர்ந்தது.

பின்புதான் வழிப்பறி. நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன் என்னும் நால்வரோடு அவர் இரவில் புறப்பட்டார். செல்வரைக் கொள்ளையிட்டு இல்லாதவர்க்கு ஈந்தவர்களின் கதை பல தேசங்களில் உண்டு. இங்கிலாந்தில் ராபின்ஹூட் கதையின் பழம்பாடல்களில் மரியன் என்னும் பெண்ணே இல்லை, பிற்காலத்தில்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று படித்திருக்கிறோம். நம் சரித்திரத்தில் அப்படியில்லை. பெண்ணை எடுத்துவிட்டால் கொள்ளையும் இல்லை, ஆழ்வாரும் இல்லை.

ஆகவே எம் மனைவியின் கேள்வி மிகவும் கூர்மையானது. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதே நம் எண்ணம். நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது; காலையில் களஞ்சியத்தில் மூட்டை இருக்கிறது. அளந்து போடுபவளுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. அவள் திருடச் சொல்லவில்லை. எப்படிக் கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லவில்லை. இதை வைத்து அவளை எளிதாக விடுவித்துவிடலாம். நம்மால் முடியவில்லை, அதற்குக் காரணம் நம் சொந்த அனுபவம்.

நாம் ஒரு கிளைக்கு மேலாளராக இருந்த ஒரு மார்ச் மாதத்தில், 31ஆம் தேதிக்குள் டெபாசிட் இலக்கை எட்டியே ஆகவேண்டும் என்று ஓர் இளம் எழுத்தரிடம் கண்டிப்பாகச் சொன்னோம். எட்டினார். நமக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது. மனைவியின் நகைகளை வெளியே வட்டிக்கு அடகு வைத்து, உறவினர் பெயரில் அவர் டெபாசிட் போட்டார் என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. எப்படி எட்டினாய் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நிபந்தனை விதித்தவனுக்கு அதை நிறைவேற்றும் வழியில் பொறுப்பில்லை என்று அன்று எண்ணியிருந்தோம்.

நமக்கும் நாச்சியாருக்கும் உள்ள வேறுபாடு, நாம் நாற்காலியில் இருந்தோம், அவள் அடுப்படியில் இருந்தாள் என்பது. விதித்த சுமையின் பாதியை அவள் தன் இடுப்பில் சுமந்தாள். ஆயினும் அந்தச் சோற்றின் மூலம் அவளை உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறோம். நிறுத்துங்கள் என்றால் பந்தியில் இலை போட்டு அமர்ந்திருப்பவர்கள் எழவேண்டும். தொடருங்கள் என்றால் இன்னொரு வீட்டின் கண்ணீர். ஆழ்வாருக்கு எம்பெருமான் இசைந்ததைக் காட்டி நம்மில் எவரும் இத்தொழிலுக்கு நியாயம் தேட இடமில்லை என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலையை எம்பெருமான் மனிதர் கையில் விடவில்லை. கொள்ளைபோகும் பொருள் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று திருமணக்கோலத்தில் பிராட்டியோடு எழுந்தருளினான். எல்லா ஆபரணமும் கழன்றபின், மணவாளன் திருவடியில் கழற்ற முடியாமல் நின்ற மோதிரத்தை ஆழ்வார் பல்லால் கடித்து வாங்கினார். அந்த மிடுக்கைக் கண்டே கலியன் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. கட்டிய மூட்டை பெயரவில்லை. என்ன மந்திரம் செய்தாய், சொல் என்று அவர் வாளை ஓங்க, அவன் செவியில் திருவஷ்டாக்ஷரத்தைச் சொன்னான். நகைகளை இழந்து அங்கே நின்ற மணப்பெண்ணும் ஒரு பெண்தான். அவள் வாய் திறந்து ஒன்றும் சொன்னதாக இல்லை. வீட்டில் காத்திருந்த இன்னொருத்திக்காக அவள் பொறுத்தாள் என்று கொள்வதில் ரஸம் உண்டு.

இவ்விடத்தில் நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பெரிய திருமொழியில் திருக்கண்ணபுரத்துப் பெருமானைப் பாடும் பதிகம் ஒன்றில், திருவெட்டெழுத்தைக் கற்றுத் தாம் பெற்றது அடியார்க்கு அடிமையே என்று ஆழ்வார் அருளிச்செய்கிறார். திருமந்த்ரத்தின் உட்பொருள் பாகவத சேஷத்வம் என்பதற்குப் பெரியோர் எடுத்துக் காட்டும் இடம் அது. கால வரிசையைப் பாருங்கள். எழுத்துக்கள் அவருக்குத் திருமணங்கொல்லையில் கிடைத்தன. அவற்றின் பொருளோ அதற்கு முன்பே, நாளுக்கு 1008 இலைகளாக, வீட்டில் விரிக்கப்பட்டிருந்தது. பிரித்துச் சொல்லும் பாடத்தில் முதல் நிபந்தனை அவரை எம்பெருமானுக்கு ஆக்கியது. இரண்டாவது அவரை அடியார்களுக்கு ஆக்கியது. இரண்டையும் அவர் முதலில் கேட்டது ஒரு பெண்ணின் வாயிலிருந்து. வாசலில் நின்று பெண் கேட்டவருக்கு அப்போது இது உபதேசம் என்று தெரிந்திருக்குமா? ஒரு பெண்ணை அடைவதற்கான விலை என்றே எண்ணியிருப்பார்.

அன்றிரவு வீடு திரும்பியவரை அவள் எப்படிக் கண்டிருப்பாள் என்பது நாம் மனத்தால் காண்பதே. கையில் மூட்டை இல்லை. வாயில் பாசுரம் இருக்கிறது. பெரிய திருமொழியின் முதற்பாட்டில், இளம்பெண்களின் இன்பத்தையே பொருளாக எண்ணி ஓடிய நாட்களுக்காக அவர் நொந்துகொள்கிறார். பொன்னோடும் குதிரையோடும் அவர் ஓடிவந்த அந்தப் பெண் எதிரே நிற்கிறாள். வேறொரு மனைவியாயிருந்தால் முகம் வாடியிருக்கும். இவள் விதித்தது நிறைவேறியதற்கு அதைவிடத் தெளிவான ரசீது வேறில்லை என்று நமக்குத் தோன்றியது. எம் மனைவியிடம் சொன்னோம். “ரசீதெல்லாம் உங்க பாஷை. அவளுக்குக் கண்ணுல ஜலம் வந்திருக்கும், அவ்வளவுதான்” என்றாள்.

இவ்வாண்டு தை மாதத்தில், சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெள்ளக்குளத்திற்கு இருவரும் சென்றோம். அங்குள்ள ஸ்ரீநிவாஸனை ஆழ்வார் பதிகத்தின் முதற்பாட்டில் அண்ணா என்று விளித்திருக்கிறார். அதனால் ஊரே அண்ணன் கோயில் ஆயிற்று. அவ்விளிக்கு வியாக்யானத்தில் உயர்ந்த பொருள் உண்டு. எனினும் மனைவி பிறந்த ஊருக்கு வந்து அண்ணா என்று கூப்பிட்டவரை நினைத்து நாங்கள் இருவரும் புன்னகைத்ததை மறைக்கவேண்டியதில்லை. குளக்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். அங்கிருந்து திருநகரிக்குச் சென்று, வேலேந்தி நிற்கும் ஆழ்வாரையும் குமுதவல்லி நாச்சியாரையும் ஸேவித்தோம். வேலையும் வடிவழகையும் பார்த்தே பழகிய எம் கண், அன்று முதலில் நாச்சியாரிடம் சென்றது.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.