காமன் கூத்தும் சமய பாடமும்

பதுளை, பசறை, ஹப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களிலும், மலையகத்தின் பிற தோட்டங்களிலும் மாசித் திங்களில் ஆடப்பெறுவது காமன் கூத்து. இதனைப் பாமரர் விளையாட்டென்று ஒதுக்குவார் நம் ஆசிரியருள்ளும் உளர். அது தகாதென்பதும், சமய பாடத்துக்கு இக்கூத்து உற்ற துணையாமென்பதும் ஈண்டுக் கூறுவாம்.

கூத்தின் பொருள் யாது? சூரனால் வருந்திய தேவர்களின் பொருட்டு, யோகத்தமர்ந்த சிவபெருமான்மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்தான், நெற்றிக்கண்ணால் எரிந்தான், இரதியின் வேண்டுதலால் மீண்டும் எழுந்தான். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் கூறுவதும் இதுவே. அட்டவீரட்டங்களுள் ஒன்றாய், மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை இத்தகனம் நிகழ்ந்த தலமாகப் போற்றப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனமாகச் செவியிற் புகும் கதை, தோட்டங்களிற் கண்வழிப் புகுகின்றது, வேறுபாடு இவ்வளவே.

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தினின்று வந்த தொழிலாளர் ஏடும் எழுத்தும் கொண்டுவந்தாரல்லர், கூத்தைக் கொண்டுவந்தனர். எழுதப் படிக்க அறியாதார் பலரும் சிவபிரானின் வீரச்செயலை மறவாதிருந்தமைக்கு இக்கூத்து ஒரு பெருங் காரணமாகும்.

மாசி அமாவாசைக்குப்பின் பிறை கண்டு கம்பம் ஊன்றுவர். வேடம் புனைவோர் நோன்பு காப்பர். ஆடவரே இரதியாகவும் வேடம் பூணுதல் மரபு. தப்பு முழங்க, இரதியும் மதனும் லயந்தோறும் சென்று ஆடுவர். பௌர்ணமியை ஒட்டிய இரவிற் காமதகனம் நிகழும். பின்னர் உயிர்ப்பித்தற் சடங்கு நடைபெறும். தோட்டத்துக்குத் தோட்டம் முறை சிறிது வேறுபடும். இதற்கு அரங்கும் திரையும் இல்லை. கோயில் முன்றில், லயத்து வாசல், காமன் பொட்டல் ஆகியவையே களமாம். நாடோறும் வேலைக்கே நடக்கும் வழிகளில், அந்நாட்களில் இரதியும் மதனும் நடக்கக் காண்பது அம்மக்களுக்கு எத்துணைப் பெருமிதம்!

ஆசிரியர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, கூத்துக்கு முன்வாரத்திற் காமதகனக் கதையை வகுப்பிற் கூறுக. இரண்டாவது, மாணவருடன் தாமும் சென்று காண்க. மூன்றாவது, மறுநாள் வினாவுக: எரிந்தது யாது? எழுந்தது யாது? எரித்த பெருமானே எழுப்பியமையால், மறக்கருணையும் அறக்கருணையும் ஒரு கருணையே என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வர். பல மணிநேரம் விளக்கினும் எய்தாத தெளிவு இது.

இன்னும் ஒன்று. தப்பை இழிந்த கருவியென்றும், அதனை முழக்குவோரை இழிந்தோரென்றும் எண்ணும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது. இரவிற் கூத்திலே தப்பு முழக்கிய தந்தையின் மைந்தன், காலையில் வகுப்பிலே தலைகுனிந்திருப்பானாயின், நாம் கற்பிக்கும் சைவம் யாருக்கு? அவனை அழைத்து, அவன் தந்தை அறிந்த அடவையும் பாட்டையும் வகுப்பிற் சொல்லச் செய்க. அன்று அவன் நிமிர்வான். அவனோடு நம் பாடமும் நிமிரும்.

இவ்வாண்டு மாசிப் பிறை தோன்றும்போது, ஆசிரியன்மார் கதவடைத்திராது களத்துக்குச் செல்வாராக. திருவருள் துணைநிற்க.