தானே நின்று தானே தொடங்கும் கணினி

துறைமுகத்தை அடுத்து வாழும் நம்மவர்க்குப் பொறிகளோடு உறவு புதியதன்று. கடற்படைத் துறையிலும் எண்ணெய்க் குதங்களிலும் சீனக்குடாவிலும் தொழில் செய்த நம் முன்னோருள், பழுதுற்ற பொறியைக் கண்டால் அதனைக் கழற்றிப் பார்த்த பின்னரே உறங்கச் சென்றவர் பலர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் மதர்போட், ராம், கிரபிக்ஸ் காட் முதலிய உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பொருத்துகின்றனர். விளையாட்டிற்கென்று பொருத்தப்படும் அக்கணினியே படிப்புக்கும் உதவுகின்றது. அத்தகைய கணினியொன்று முன்னறிவிப்பின்றித் தானே நின்று தானே மீளத் தொடங்குமாயின், அதன் காரணத்தைத் தேடும் முறை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எம்மிடம் முன்னர்ப் பயின்ற ஒருவரின் மகன் வாடிய முகத்தோடு எம்மை நாடி வந்தான். "சேர், காட் பழுதாம். புதுசு போடச் சொல்லிப் போட்டாங்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லயில்லை" என்றான். புதிய காட்டின் விலை அவன் தந்தையாரின் இரண்டு மாதச் சம்பளம். அதுவுமன்றி, உயர்தர வகுப்புப் பாடத்திற்கென அவன் எழுதிவந்த செய்நிரற் கோப்பொன்று, கணினி இடையில் நின்றமையாற் கெட்டுப்போயிற்று. எனவே விளையாட்டுப் பொறியென்று நாம் அதனை அலட்சியம் செய்ய இயலவில்லை.

முதலில் வின்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைத் திறந்தோம். 'கேர்னல் பவர் 41' என்னும் பதிவு வரிசை வரிசையாகக் கிடந்தது. மாணவர் பலர் இதனையே காரணமென மயங்குவர். கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பது ஒன்றே இதன் பொருள். இறப்பை அறிவிக்குமேயன்றி நோயை அறிவியாது. அடுத்து, பிழை நேருங்கால் தானே மீளத் தொடங்கும் அமைப்பை நீக்கினோம். இதனை நீக்கிவிட்டால், மென்பொருளாலோ ராமினாலோ தவறு நிகழும்போது நீலத்திரை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். அன்று மாலை விளையாட்டுத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை இருண்டது, நீலத்திரை தோன்றவில்லை, பொறி தானே மீள எழுந்தது. மின்வலுவின் பக்கமே நம் ஐயம் சாய்ந்தது.

ஈண்டு ஒரு சிறு பாடம் வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். பவர் சப்ளை அதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றுகின்றது. இவை அளவில் நிற்கும் வரை, 'வலு நன்று' என்னும் சமிக்ஞையொன்றை அது மதர்போட்டிற்கு இடையறாது அனுப்பும். 12 வோல்ற்றுக்கு அனுமதிக்கப்பட்ட வேறுபாடு நூற்றுக்கு 5, அஃதாவது 11.4 வோல்ற்று வரை இறங்கலாம். அதற்கும் கீழே தாழ்ந்து சமிக்ஞை ஒரு கணம் அற்றாலும், மதர்போட் அனைத்தையும் நிறுத்தி மீளத் தொடங்கிவிடும். காப்புச் சுற்று முற்றாக அறுத்துவிட்டாலோ, ஆளியை மூடித் திறக்கும் வரை பொறி பெரும்பாலும் எழுவதேயில்லை. ஆதலால் 'தானே எழுந்ததா, அணைந்தே கிடந்ததா' என்பது வினவத்தக்க முதற் கேள்வி.

சுவர் மின்சாரத்தையே நாம் முதலிற் குற்றஞ்சாட்டினோம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டதாக அறிவிக்கப்பட்டதை யாவரும் அறிவர். ஆயின் கணப்பொழுதுத் தாழ்வுகளை எவரும் அறியார். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். பவர் சப்ளையிலுள்ள கொள்ளளவிகள் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெக்கனே தாங்கும். ஒரு சுற்று முழுதும் தவறினாற் கணினி வீழ்தல் கூடும். அயலவரிடம் 600 வாற்று யூ.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி இடையில் இணைத்தோம். கணினி முன்போலவே மறிந்தெழுந்தது.

அடுத்துக் கடற்காற்றின் மேற் பழிபோட விரும்பினோம். சாளரத்தருகே பொறி, வெளியே உப்புக் காற்று, கதை பொருத்தமாகவே இருந்தது. இணைப்புக்களைக் கழற்றிப் பார்த்தால் முட்கள் யாவும் பளபளவென்றிருந்தன! பின்னர் வெப்பம். கச்சான் வீசும் பருவத்தில் நம் நகரின் வெம்மையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் புரோசசர் 78 பாகையையும் காட் 74 பாகையையும் தாண்டவில்லை. அதிவெப்பமுற்றால் புரோசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காதவிடத்தே அணையும். தூசு துடைத்து மேசை மின்விசிறியை நேரே வைத்தும் பயனில்லை. ராமை ஓரிரவு முழுவதும் மெம்ரெஸ்ற் என்னும் நிரலாற் சோதித்தோம், பிழையில்லை.

நிற்க. இனிச் சுமையைப் பிரித்துப் பார்த்தோம். புரோசசரை மட்டும் ஒரு மணிநேரம் முழுச்சுமையில் ஓட்டினோம், நின்றது. காட்டை மட்டும் ஓட்டினோம், அதுவும் நின்றது. இரண்டையும் ஒருங்கே ஓட்டிய மூன்றாம் நிமிடத்திற் பொறி வீழ்ந்தது. காட்டின் வலு எல்லையை நூற்றுக்கு 70 ஆகக் குறைத்தபின் மாலை முழுவதும் விளையாடியும் வீழவில்லை. காட் பழுதென்னும் தீர்ப்பு இவ்விடத்தே ஆட்டங்கண்டது.

அப்போதுதான் பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தோம். பெரிய எழுத்தில் 550 வாற்று. சிறிய எழுத்தில் 12 வோல்ற்று வரிசைக்கு 32 அம்பியர். பெருக்கினால் 384 வாற்று மட்டுமே. காட்டுக்கு 220, புரோசசருக்கு 142, விசிறி முதலியவற்றுக்கு ஏறத்தாழ 30, கூட்டினால் 392. இதுவும் சராசரிக் கணக்கே. காட் மில்லிசெக்கனுக்கும் குறைந்த பொழுதில் தன் சராசரியினும் மிகுதியான வலுவைத் திடீரென இழுக்கும். 2022 இல் இன்ரெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ் 3.0 விதி, உயர்வகைக் காட்டுகளுக்கான பவர் சப்ளைகள் தம் அளவின் இருமடங்கை 100 மைக்கிரோசெக்கன் தாங்க வேண்டுமெனக் கூறுவது இதனாலேயே. எட்டாம் வகுப்புப் பெருக்கற் கணக்கொன்றை முதலிலே செய்திருந்தால் நான்கு நாள் மிஞ்சியிருக்கும். வெட்கத்தோடு இதனை ஒப்புக்கொள்கின்றோம்.

எனினும் கணக்கு ஐயத்தைத் தருமேயன்றி உறுதியைத் தாராது. தோழனொருவனின் 750 வாற்றுப் பவர் சப்ளையை மாற்றிப் பொருத்தினோம். மூன்று மாலைகள் யாதொரு குறையுமில்லை. பழையதை மீண்டும் பொருத்தினோம், அன்றே வீழ்ந்தது. இவ்வாறு திருப்பிப் பொருத்திப் பார்ப்பதை மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுவர். மாற்றும்போது இறுகிய ஓர் இணைப்பே குறையை நீக்கியிருக்கலாமன்றோ? இன்னொன்று: பவர் சப்ளையின் கம்பிகளை மற்றொன்றிற் பயன்படுத்தலாகாது. செருகி ஒன்றுபோலிருப்பினும் முட்களின் ஒழுங்கு வேறுபடும்; உறுப்புக்கள் எரியும். அப்பெட்டியைத் திறத்தலும் கூடாது. சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருத்தல் கூடும்.

எல்லாக் கணினிக்கும் இதுவே காரணமென்று கொள்ளற்க. இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரோசசர்கள் சில, மிகை வோல்ற்றளவால் உள்ளே தேய்வுற்று நிலைதடுமாறியமையை 2024 இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியது. அங்கே பவர் சப்ளையை எத்தனை முறை மாற்றினும் பயன் விளையாது.

பையன் தன் தந்தையாரிடம் அன்றிரவே யாவற்றையும் கூறினான். காட்டின் விலையிற் சிறுபங்கிற்குப் புதிய பவர் சப்ளை வாங்கினர். பழையது பழுதன்று, காட் இல்லாத எம் கணினியில் அது இன்று வரை ஒருமுறையும் வீழாது இயங்குகின்றது.