வட்டுக்கோட்டைச் செமினரியும் பொது ஜெபமும்

ஒரு வித்தியாசாலையைச் சேர்ந்தோர் அதன் எதிர்காலத்தைக் குறித்து ஒருமித்து ஜெபிக்கையில், எவ்வித எதிர்காலத்தை வேண்டுகின்றனர் என்னும் வினா எழாமற் போகாது. இதற்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை நல்லதோர் உதாரணம்.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனெரிமார் அங்கே ஒரு செமினரியை ஸ்தாபித்தனர். தானியேல் பூவர் ஐயர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கற்றோர் பலர் சபை ஊழியத்தை விடுத்து உத்தியோகத்தை நாடினர் என்பதே, அமெரிக்காவினின்று பார்வையிட வந்த ரூபஸ் அந்தர்சன் முதலியோர் கண்ட குறை. 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே பயின்ற தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையுமே சில ஆண்டுகளுக்குள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர்!

மூடினோரும் ஜெபிக்கிறவர்களே, இழந்தோரும் ஜெபிக்கிறவர்களே. முன்னவர் நாடியது சபைக்குப் போதகரை; பின்னவர் நாடியது தம் மைந்தருக்கு உயர்கல்வியையுங்கூட. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையென எண்ணியதே பிழை என்பது எமது துணிபு.

சுதேசக் கிறிஸ்தவர் வாளாவிருந்திலர். நெகேமியா உபவாசித்து ஜெபித்தபின், அரசனிடம் மரத்துக்குக் கடிதமும் கேட்டானன்றோ? அவ்வாறே இவர்களும் கூடி ஆலோசித்தனர், மிஷனெரிமாரை வேண்டினர், பொருள் சேர்க்க வழி தேடினர். பதினேழாண்டு சென்றபின், 1872இல், அதே வட்டுக்கோட்டையில் ஹேஸ்டிங்ஸ் ஐயரை அதிபராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆங்கிலமும் அங்கே மீண்டும் கற்பிக்கப்பட்டது.